மறுத்த கையும் மனு எழுதிய கையும்

பிறர் கேட்டதை ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்புவதுதான் எங்கள் தொழில். ஏதாவதொரு ஆபீசில் மைக்கூட்டோடு உட்கார்ந்திருக்கும் சக குமாஸ்தாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஏழை மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் ஒரு சங்கத்தில் எனக்கு உத்தியோகம். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் காரியதரிசி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வசவு வாங்குபவன் நான்.

வாழைத்தார்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். மகனுக்குக் கேட்ட உதவி கிடைக்கவில்லை என்று மேல்மனு கொடுக்க வந்தவர், ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்து காரியதரிசியின் மேஜையருகே இறக்கினார். தார் என் இடுப்புயரம் இருந்தது. சொந்தத் தோட்டமா என்று காரியதரிசி கேட்டார். மனிதர் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். ஆனால் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் என்ன செய்வார்? ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர் மகனுக்கு உதவி எதற்கென்று மேல்மனுவும் தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். தார் முதலாளி கொடுத்ததாம். இதை ஏன் சுமந்து வந்தீர், உள்ள நிலைமையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவருக்கு என் மேல்தான் கோபம் வந்தது.

“வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து கேக்கதுக்கு நாங்க என்ன பிச்சைக்காரங்களா வே?”

ஒரு குறைவும் இல்லாத குடும்பம்

சீமையில் புது ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்த வருஷம், களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஞானவடிவு என்ற பெண்ணின் விண்ணப்பம் வந்தது. இருபத்திரண்டு வயது. புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். நாலு வயதுப் பெண் குழந்தையோடு, கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள் இருக்கும் மாமனார் வீட்டில் வாசம். உபாத்தியாயினிப் பயிற்சிக்கு உதவி கேட்டிருந்தாள். கூடவே ஊர் உபதேசியாரின் நற்சாட்சிக் கடிதம்: ‘எங்கள் சபையில் கண்ணியமான குடும்பம். கர்த்தருடைய கிருபையால் ஒரு குறைவும் இல்லாதவர்கள்.’ குறைவில்லாதவர்களுக்கு எதற்கு உதவி? அந்தக் காரணத்தையே காட்டி மறுப்பு எழுதினேன்.

அடுத்த வாரம் அவளே வண்டியேறி வந்துவிட்டாள். இது கிடைக்காவிட்டால் வைகாசிக் கடைசியில் மாமனார் அவளைக் கொழும்புக்குக் கப்பலேற்றி விடுவாராம், ஒரு துரை வீட்டில் ஆயா வேலைக்கு. குழந்தை இங்கே, அவள் அங்கே. மாதக் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை வந்த உபதேசியாரைத் தேடிப் போய், கடிதத்தை மாற்றி எழுதித் தரக் கூடாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லாத குடும்பம்னு நான் எழுதிட்டா, அந்த வீட்ல நிக்க ரெண்டு குமரையும் எவன் வே வந்து கெட்டுவான்?”

ஆள் தேடியது

மேல்மனு எழுத ஆள் வேண்டும் என்றாள் ஞானவடிவு. தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், போய்ப் பார் என்றேன். அவள் நகரவில்லை. நான் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை விரித்து, ஜவுளிக்கடையில் சேலைக் கரையைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

“தர மாட்டோம்னு இம்புட்டு அழகா எழுதுத அண்ணாச்சிக்கு, தாங்கன்னு எழுதத் தெரியாதா?”

அழகான மனு

எழுதினேன். மறுப்பில் நான் சொன்ன காரணத்தை நானே எடுத்து நார் நாராய்க் கிழித்தேன். ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிடச் சுகம் உலகத்தில் கிடையாது. பிடிபடாமலிருக்கக் கையெழுத்தைக் கோணல்மாணலாக்கிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் கை ஒத்துழைக்கவில்லை. இருபது வருஷமாய் நல்ல கையெழுத்து என்று பேர் வாங்கின திமிர்.

மறுநாள் அந்த மனுவை ஆபீசில் நானே வாங்கி, நானே இலக்கமிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு காரியதரிசி முன்னால் வைத்தேன். என் கடிதங்களுக்குப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர், இதை இரண்டு தரம் படித்தார். பொடி போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தார். கண் கலங்கியதாகக்கூட எனக்குத் தோன்றியது. பிறகு வழக்கமான தாளை என் பக்கம் தள்ளினார்.

“இம்புட்டு நல்லா எழுதத் தெரிஞ்சவளுக்குப் பயிற்சி என்னத்துக்கு வே? மறுத்து எழுதும்.”

ஒரே கை

என் திமிர் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. இரண்டாம் மறுப்பையும் நானே எழுதினேன். அவ்வளவு அசிங்கமாக அதற்கு முன் ஒரு கடிதமும் நான் எழுதியதில்லை.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞானவடிவு நேரே காரியதரிசியின் அறைக்குள் வந்தாள். மனு தான் எழுதியதல்ல என்றாள். அவர் நம்பாமல், அங்கேயே ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினாள். உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்து. அப்படியானால் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நேரம் வேண்டிக்கொண்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. முதல் மறுப்புக் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து மனுவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். இரண்டும் ஒரே கை என்பது இடுப்பிலிருந்த குழந்தைக்கே தெரிந்திருக்கும்.

“எனக்கு ஒரு குறைவும் இல்லைன்னு இந்தக் கை எழுதினப்ப நம்புனீயளே ஐயா, இருக்குன்னு அதே கை எழுதும்போது மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கீய?”

எனக்குக் கிடைத்த தண்டனை

காரியதரிசி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உபகாரச் சம்பளத்துக்கு உத்தரவு போட்டார். கொழும்புக் கப்பல் அவளில்லாமலே போயிற்று. ஆனி பிறந்ததும் தாயும் மகளுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தக் கையெழுத்திலும் எழுத முடியாது.

என் சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். கிழியவில்லை. இனி ஒவ்வொரு மேல்மனுவுக்கும் நானே ஊர் ஊராய்ப் போய், வீட்டைப் பார்த்து, ஏழையா இல்லையா என்று எழுத வேண்டும் என்றார் காரியதரிசி. போன முதல் வீட்டிலேயே கோழிக்குழம்பு, அப்பளம், பாயசம். உட்காரப் போட்ட பாயும் தண்ணீர்ச் செம்பும் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்று பிள்ளைகள் அடுக்களை வாசலில் நின்று என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்கார அம்மாள் என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“அதுகளுக்குக் கோழின்னாலே பிடிக்காது அண்ணாச்சி, நீங்க பைய சாப்பிடுங்க.”

எந்த வீட்டில் எனக்கு விருந்து பலமோ அந்த வீட்டுக்கு உதவி மிக அவசரம் என்று, மேல் விசாரணை எதுவும் இல்லாமல், அன்றுமுதல் எழுதி வருகிறேன்.