அப்பாவின் காலுக்கு வந்த அரிசி

கதிர்காமத்து வேலவனை நம்பிக் கும்பிடுகிற என் சொந்தங்களுக்கு லெட்சுமி சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் தம்பி முத்து எழுதுகிறான். அப்பா பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் எங்கே தப்பாகச் சொல்வேன் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்களுக்கு அந்தச் சோதனை வந்தது. பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் அப்பா கருப்பையா காடு வெட்டுகிற ஆள். புதிதாகத் தேயிலை நடுகிற மலைக்குக் காடு வெட்டும்போது மரம் ஒன்று நினைத்த பக்கம் விழாமல் அவருடைய வலது காலின் மேல் சாய்ந்துவிட்டது. தூளி கட்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். முழங்கால் புண் பழுத்து, காய்ச்சல் ஏறி, அப்பா எங்களையே யார் என்று கேட்டார். காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். அம்மா செல்லாயி ஆஸ்பத்திரி வாசலிலேயே முந்தானையை ஏந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"முருகா, அந்தக் கால எனக்கு விட்டுக்குடு. அதே காலால ஒன் வாசலுக்கு அவர நடத்திக் கூட்டியாரேன். வண்டியில ஏற மாட்டாரு. நடந்துதான் வருவாரு."

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கால் தப்பியது. முழங்கால் மட்டும் மடங்காமல் விறைத்துப்போனது. அம்மா அழுத அழுகையில் தாதிப் பெண்ணும் சேர்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கவலை. விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் கூடிப் பேர் கொடுக்க வேண்டும். பேர் கொடுத்தவருக்குத்தான் வாராவாரம் அரிசி. மலை ஏற முடியாதவர் என்ன பேர் கொடுப்பார்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஈரமுள்ள மனுசர். நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து காலைப் பார்த்தார். தோட்ட வேலையில் அடிபட்டவர் என்பதால் 'நடக்க முடியாத ஆள்' என்று எழுதி, அப்பாவுக்கு வேலை இல்லாமலே அரிசி கொடுக்கச் சொன்னார். அம்மாவும் நானும் கொழுந்து எடுத்தோம். அந்த அரிசியும் சேர்ந்தால்தான் ஐந்து வயிறும் நிறையும்.

துரை போனதும் கங்காணி அப்பாவின் காதருகே குனிந்தார். "கருப்பையா, ஒன்னய நடக்க முடியாதவன்னு எழுதியாச்சு. தொர கண்ணு முன்னால நடந்துகிட்டுத் திரியாத. அப்பறம் அரிசி நின்னா என்னயக் கேக்காத."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

துரையின் குதிரைச் சத்தம் கேட்டால் போதும், என் தங்கை வள்ளி ஓடி வருவாள். "அப்பா, படுங்க! தொர வாராரு!" அப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாளைக்கே சாகப்போகிறவர்போல முனகுவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். முதல் வருடம் அது விளையாட்டாக இருந்தது.

பிறகு கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. குச்சியை ஊன்றிச் சமதரையில் நன்றாகவே நடந்தார். நாங்கள்தான் நடக்க விடவில்லை. ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு வந்தவரிடமிருந்து நான் குடத்தைப் பிடுங்கினேன். யார் பார்த்தார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்று அம்மா வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். காடு மேடெல்லாம் சுற்றிய மனுசர் பத்தடி அறைக்குள் முடங்கினார். பேச்சும் குறைந்தது.

அதற்குள் அம்மா வைத்த நேர்த்திக்கடன் வேறு நின்றுபோயிருந்தது. நடக்க முடியாதவர் என்று அரிசி வாங்குகிறவர் கதிர்காமத்துக்கு எப்படி நடப்பார்? இரண்டு ஆடி போய்விட்டது. 'அரோகரா' சொல்லிக்கொண்டு கூட்டம் லயத்தைத் தாண்டிப் போகும்போது அம்மா அப்பாவின் முகத்தையே பார்க்க மாட்டாள்.

மூன்றாம் ஆடி பிறக்கும் முன் அப்பா வாயைத் திறந்தார். "செல்லாயி, இந்த வருசம் நான் போறேன். அரிசி போனாப் போகட்டும்."

அம்மா வாயெடுக்கும் முன் நான் பேசினேன். பத்தொன்பது வயதுத் திமிர். "ஒங்க காலு நடக்காம இருக்கறதுனாலதான் இந்த வீட்டுல ஒல கொதிக்குது. நீங்க நடந்துட்டா வள்ளிக்கு யாரு சோறு போடுறது?"

அப்பா என்னைப் பார்த்தார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வாய் சாப்பிடுவார், "வள்ளிக்கு வையி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். இருபது நாளில் கன்னம் ஒட்டிப்போனது. சொந்தங்களே, மரம் விழுந்தும் சாகாத மனுசரை நான் ஒரு சொல்லால் கொன்றுகொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் ஒரு பலாமரத்தடியில் கல்லும் வேலும் நட்டுவைத்திருந்தோம். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் மத்தியானத்தில் அங்கே விழுந்தேன். "சாமி, அரிசிய நீ பாத்துக்க. எங்கப்பா சாப்புடணும். அவரு சிரிக்கணும். நான் சொன்ன சொல்ல நீதான் அழிச்சு எடுக்கணும்." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அழுது முடித்து எழுந்தபோது நெஞ்சில் பயம் இல்லை. அது எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்து அப்பாவின் காலைப் பிடித்தேன். "நடங்கப்பா. நானும் வாரேன்." அன்றைக்கு அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். ஒரு தட்டுதான் என்று இப்போது பக்கத்திலிருந்து சொல்கிறார். இரண்டு.

விடியும் முன் சத்தமில்லாமல் கிளம்பிவிடுங்கள், யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அம்மா. அப்பா மறுத்துவிட்டார். "சாமிகிட்டப் போறதுக்கு யாராச்சும் ஒளிஞ்சு போவாங்களா? தொரகிட்ட லீவு கேட்டுட்டுத்தான் போவேன்."

மறுநாள் காலையில் குச்சியை ஊன்றிப் பெரட்டுக் களத்துக்கு நடந்தார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கருப்பையா! நீ நடக்க முடியாது ஆள்!" என்றார் துரை.

"ஆமாங்க தொரைங்களே. லீவு வேணும்ங்க."

"வேல இல்ல. என்ன லீவு?"

களமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஏந்திய முந்தானையிலிருந்து தொடங்கி, கம்பளிக்குள் படுத்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். துரை குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "போ. திரும்பி வா. அப்பறம் பாக்கறது" என்றார். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வள்ளியையும் முத்துவையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, அப்பாவும் நானும் எங்கள் பக்கத்துக் கூட்டத்தோடு கிளம்பினோம். பசறை தாண்டி மொனராகலை வெயிலில் இறங்கியதும் முழங்கால் வீங்கிவிட்டது. பதுளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிறவர், பின்னாலேயே மாட்டு வண்டியில் வந்தார். "ஏறிக்கோங்க அண்ணே" என்றார். "நேர்த்திங்க நானா, நடந்துதான் போகணும்" என்றார் அப்பா. "அப்ப மூட்டயாச்சும் ஏறட்டும்" என்று மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, புத்தல ஊர் வரைக்கும் மாட்டை அப்பாவின் நடைக்கே ஓட்டினார். அவரை அனுப்பியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நாள் பேசாத பேச்சையெல்லாம் அப்பா அந்த வழியில் பேசித் தீர்த்தார். எனக்குக் காது வலித்தது. அவ்வளவு சந்தோசம்.

கதிர்காமம் சேர்ந்து, மாணிக்க கங்கையில் முழுகி, முருகன் வாசலில் நின்றோம். நான் அரிசி கேட்கத்தான் போனேன். அது மறந்துபோனது. தன் காலில் நின்று கும்பிடுகிற அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் கால் வீக்கத்தோடேயே பெரட்டுக் களத்துக்குப் போனார். "படுத்துக்க கருப்பையா, நான் பேசிக்கிறேன்" என்று கங்காணி கெஞ்சினார். அப்பா கேட்கவில்லை. "தொரைங்களே, சமதரையில நடப்பேன். மலை ஏற முடியாது. இனிமே எதயும் மறைக்கல."

துரை யோசித்தார். பிறகு சொன்னார்: மலை ஏறாத காலுக்குப் பாதி அரிசி அப்படியே வரட்டும். ஆற்றங்கரைச் சமதரையில் தேயிலைக் கன்று வளர்க்கிற பந்தல் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஊற்றிக் களை பிடுங்கட்டும். அதற்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கணக்கு; அதில் மீதிப் பாதி அரிசி. வீட்டுக்கு வந்தது முன்பு வந்த அதே அரிசிதான். அதோடு அப்பாவும் வெளியே வந்துவிட்டார். இந்த ஏற்பாட்டைச் செய்தது தான்தான் என்று கங்காணி கடைசிவரை சொல்லித் திரிந்தார். சொல்லட்டும், நல்ல மனுசர்.

முதல் வாரம் துரையின் குதிரை பந்தல் பக்கம் வந்தது. சோறு கொண்டுபோன வள்ளி பழக்கதோசத்தில், "அப்பா, படுங்க!" என்று கத்திவிட்டாள். அப்பா கன்றுகளுக்கு நடுவில் குச்சியை ஊன்றி எழுந்து நின்றார். "இந்தா நிக்கிறேன் தாயி" என்றார்.

சொந்தங்களே, கிடைத்தது போய்விடுமோ என்ற பயத்தில் சாமி கொடுத்த காலையே நாங்கள் ஒளித்துவைத்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கம்பளிக்குள் இருந்தால் அவன் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். அவன் பார்த்துக்கொள்வான். எங்களைப் பார்த்துக்கொண்டான்.

ஆடி வருகிறது. அப்பா இந்த வருடமும் நடக்கிறார். மெதுவாகத்தான் நடப்பார், வழியெல்லாம் பேசுவார். அந்த நடைக்கு நடக்க மனமுள்ளவர்கள் எங்களோடு வாருங்கள். லீவு கேட்டாகிவிட்டது.