முப்பது நெற்கதிர்

ஆராய்ச்சி மாணவன் என்று பெயர். இளங்கலைத் தாவரவியல் வகுப்புக்குச் செடி பறித்து வருவதும் என் தலையில்தான். அந்த வாரம் முப்பது நெற்கதிர் கேட்டார் பேராசிரியர். கூலி உயர்வும் உழுபவனுக்கே நிலமும் கேட்டுக் கூலியாட்கள் அறுவடையை நிறுத்தியிருந்தது அவருக்குத் தெரியாதா என்ன?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வயலில் அரிவாளோடு இறங்கினேன். செங்கொடியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"யாருக்கு அறுக்குறீங்க?"

"காலேஜ் பசங்க பாடத்துக்குங்க."

"அப்படியா? நம்ம வயலுதான், எடுத்துக்குங்க."

சாலைக்கு வந்தால் மிராசுதாரின் கார். அவரிடமும் அதையே சொன்னேன்.

"அதனாலென்ன, நம்ம வயல்தான். கொண்டு போங்க."

ஆய்வகப் பதிவேட்டில் 'வயல் யாருடையது' என்றொரு கட்டம். பேனாவைத் திறந்துவிட்டு விழித்தேன்.

"ஒரு பேரு எழுத இவ்வளவு நேரமாய்யா?" என்றார் பேராசிரியர்.

வெளியே அந்த ஒரு பேருக்குத்தான் ஊரே அடித்துக்கொண்டிருந்தது.