காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் கோயில் சுற்றிக் காட்டியது

எங்கள் திருவண்ணாமலையில் பலரும் பெண் பார்ப்பதைக் கோயிலிலேயே வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே பேசும். கோயில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு குடும்பங்கள் சாமி கும்பிட வந்தன, தற்செயலாகப் பார்த்துக்கொண்டன, நாலு வார்த்தை பேசின, அவ்வளவுதான். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் அண்ணாமலையாரைத் தரிசித்த புண்ணியமாவது மிச்சம். எங்கள் சித்தியைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்ததும் இந்த முறையில்தான்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் முடிந்தால் அந்தப் படிப்பு பாதியில் நிற்கும். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்ன விதத்தைக் கேட்டால் ஏதோ கூடுதலாகச் சீர் செய்கிற மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அதில் பெருமைதான். சித்தியைத் தவிர வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு, என் வாய் அப்படிப்பட்டது. என்னிடம் சொன்ன விஷயம் தேரடித் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்து, திரும்ப எங்கள் வீட்டுக்கே புதுச் செய்தியாக வந்துவிடும். அதனால், ‘காஞ்சிபுரத்திலிருந்து தெரிஞ்சவங்க வர்றாங்க, கோயில்ல பார்க்கப் போறோம்’ என்று மட்டும் அம்மா சொல்லிவைத்தாள்.

ஆனால் சித்தி எனக்கு ஒரு பெரிய பதவியே கொடுத்தாள். “வர்றவங்களுக்கு நீதான் கைடு. ஒண்ணு விடாம காட்டணும், சரியா?” என்றாள். அதற்கு முந்தின வாரமே கல்லூரி விட்டு வந்ததும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தாள். உள்ளூர்க்காரர்களின் லட்சணம் தெரியுமே. கோபுரத்தின் நிழலிலேயே குடியிருப்போம், அண்ணாந்து பார்த்திருக்க மாட்டோம். வெளிநாட்டுக்காரன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பான், நாம் அவனை இடித்துக்கொண்டு உள்ளே ஓடி, கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தோடு வெளியே வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சித்தி காட்டக் காட்டத்தான், நான் தினமும் விளையாடுகிற இடத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று வாய் பிளந்தேன். பாதாள லிங்கம் எதற்குப் பூமிக்கடியில் இருக்கிறது, கோபுரத்தில் ராஜா ஏன் நிற்கிறார், கிளி கோபுரத்தில் நிஜமாகவே கிளி உண்டா என்று அவளைத் துளைத்தெடுத்தேன். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததற்கு, “அதை அவங்ககிட்டயே கேளு, பேச்சு வளரும்” என்றாள்.

அந்த நாளும் வந்தது. வைகாசி மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. ராஜகோபுரத்துக்கு எதிரே தெரிந்த பூக்கடையில் செருப்புகளை விட்டோம். தற்செயலாகச் சந்திப்பவர்கள் முகத்தில் ஆச்சரியம் இருக்க வேண்டும் என்று அப்பா வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தார். பாவம், ஆர்வக் கோளாறில் அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே, “அடடே, நீங்களா” என்று சொல்லிவிட்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வந்தவர்களும் அதே பூக்கடையில், எங்கள் செருப்புகளின் பக்கத்திலேயே, தங்களுடையதைக் கழற்றிவிட்டார்கள்.

மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. அவருடைய அம்மா நல்ல உயரம், நல்ல பட்டு, நல்ல குரல். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பிடிக்காமலும் போய்விட்டது. காரணம், நான் எதைக் காட்டினாலும் அவர் ஊரில் அது ஏற்கெனவே இருந்தது.

ஆயிரங்கால் மண்டபத்தைக் காட்டினேன். “எங்க ஊர்லயும் இருக்கு பாப்பா” என்றார். குளத்தைக் காட்டினேன். அதுவும் இருந்தது. மகிழ மரத்தைக் காட்டினேன். அவர்கள் கோயிலில் ஒரு மாமரம் இருக்கிறதாம், அதன் வயசைக் கேட்டால் நம்ப மாட்டேனாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “உங்க ஊர் கோபுரம் எத்தனை நிலை?” என்று கேட்டேன். ஒன்பது என்றார். “எங்களுது பதினொண்ணு” என்றேன். அம்மா என் முதுகில் மெதுவாகக் கிள்ளினாள். மாப்பிள்ளை மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் அவரையே என் பிரஜையாக எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் நின்றபடி ஒன்பது கோபுரங்களையும் பார்க்க முடிகிற அந்தக் கல்லின் மேல் அவரை நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கடைசி ஒன்று கிடைக்காமல் திண்டாட, சித்தி கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் அன்றைக்கு அதுவரை பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்டப நிழலில் உட்கார்ந்தார். அம்மாவும் அப்பாவும் மரியாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் சித்தி சொன்னாள், “வடக்குக் கோபுரத்தைக் காட்டாம இவ விடமாட்டாக்கா. பார்த்துட்டு வந்துடறோம்.” அம்மா யோசித்தாள். கூட ஒரு குழந்தை போகிறது என்றால் ஊர் உலகத்தில் யாரும் தப்பாகப் பேச முடியாது. அந்தக் குழந்தை நான். “சீக்கிரம் வந்துடுங்க” என்று அனுப்பிவைத்தாள்.

வடக்குக் கோபுரத்தை அம்மணி அம்மன் கோபுரம் என்பார்கள். அதன் வாசலுக்குள் நல்ல நிழல், நல்ல காற்று. சித்தி பாடம் எடுத்ததில் கடைசிப் பாடமும் அதுதான், அதிகத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதும் அதைத்தான். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

“இது ஒரு பொம்பள கட்டின கோபுரம் அங்கிள். அவங்களுக்கு வீட்ல கல்யாணம் பண்ணிவைக்கப் பார்த்தாங்களாம். வேணாம்னு போய் குளத்துல குதிச்சிட்டாங்களாம். மூணு நாள் கழிச்சு சாமியாட்டம் எழுந்து வந்தாங்களாம். அப்புறம் வீடு வீடா போயி காசு கேட்டு, பாதியில நின்ன இந்த கோபுரத்தை முடிச்சிட்டாங்க.”

“குளத்துலயா?” என்றார் அவர். பிறகு, “இந்தக் கதையை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார்.

“சித்திதான்” என்றேன் பெருமையாக.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சித்தி கோபுரத்து யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் குனிந்து, “பாப்பா, அவங்க அம்மாவும் இதைப் பார்க்கட்டும். போய் எல்லாரையும் கூட்டிட்டு வா. வெயில் ஜாஸ்தியா இருக்கு, மெதுவாவே வா” என்றாள்.

நான் சொன்ன சொல் தவறாதவள். மெதுவாகத்தான் போனேன், வழியில் ஒரு குரங்கை நின்று வேடிக்கையும் பார்த்தேன். பொம்பளை கட்டிய கோபுரம் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். அது அவர்கள் ஊரில் இல்லைபோல. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தியின் முகம் நனைந்திருந்தது. வெயில்தானே என்று நினைத்தேன். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “சரிங்க” என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைடு பதவி தலைக்கு ஏறியிருந்தது. வந்த வழியே திரும்பலாம் என்று அப்பா சொல்ல, “தெரு வழியா போனா தேரையும் காட்டிடலாம்” என்று அவர்களை வடக்கு வாசல் வழியாக வெளியே இழுத்தேன். கோபுரத்தை முழுதாகப் பார்க்கும் ஆசையில் எல்லோரும் தெருவில் இறங்கி, மதில் ஓரமாகப் பாதி தூரம் நடந்தும்விட்டார்கள். அப்புறம்தான் செருப்பு ஞாபகம் வந்தது. செருப்பு கிழக்கே பூக்கடையில் இருந்தது. நாங்கள் வடக்கே, உச்சி வெயிலில், தார் ரோட்டில் நின்றோம்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடை நிழலுக்கு ஓடினார். அங்கிருந்து நிறுத்தியிருந்த ஒரு வேன் நிழலுக்குத் தாவினார். “அக்னி தலம்னு சொன்னாங்க. அதைக் கால்லயே காட்டிட்டீங்களே” என்றார். அப்பா தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்து, “இது மேல நில்லுங்கம்மா” என்றார். அதற்குள் மாப்பிள்ளை வெறுங்காலோடு ஓட ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், பூக்கடையிலிருந்த எல்லோருடைய செருப்புகளையும் இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி திரும்பி ஓடி வந்தார். அந்த இஸ்திரிச் சட்டையின் மேல் அப்பாவின் டயர் செருப்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சித்தியின் நீல வார்ச் செருப்பு.

அவருடைய அம்மாவின் முகம் மாறியதை நானே பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மகன் பெண்ணின் செருப்பைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எதையும் கவனிக்காமல் குனிந்து ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் செருப்பைப் போட்டார். என்னுடையதைப் போடும்போது, “நல்லா காட்டினே பாப்பா” என்றார்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான், மன்னிச்சுக்குங்க, வேறு ஒன்றுமில்லை என்றார்கள். அம்மா அதை நம்பவில்லை. “வேறென்ன இருக்கணும். அந்தம்மா கால வேக வச்சு, அந்தப் பிள்ளைய செருப்பு தூக்க வச்சா யாரு பொண்ணு எடுப்பாங்க? எல்லாம் இவளால வந்தது” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்பாகூட, “நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்” என்றார். எந்தச் சம்பந்தம், எது போயிற்று என்று எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தியின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்று எண்ணி, விக்கி விக்கி அழுதேன். சித்தி சுவரோரம் நின்றிருந்தாள்.

அவள் படிப்பை முடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, அதற்கப்புறம் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குக் கோபுர வாசலில் காஞ்சிபுரத்து மாப்பிள்ளையிடம் என்ன பேசினாள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னாள். “நான் வேணாம்னு சொன்னா படிப்பையும் நிறுத்திடுவாங்க. நீங்க சொல்லிடுங்க” என்று கேட்டிருக்கிறாள். யார் எவர் என்றே தெரியாத மனிதர். சரிங்க என்றிருக்கிறார்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. விளக்கு வைத்த பிறகு சித்தி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கொப்புளம் போட்டிருந்த என் கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். விரல் நுனியால் தடவிக்கொண்டே இருந்தாள். “ரொம்ப எரியுதா பாப்பா?” என்றாள்.

“இல்ல சித்தி” என்றேன். “அடுத்த தடவை யாராவது வந்தா, செருப்பைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன்.”

சித்தி என் பாதங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அவற்றின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதாள். இவ்வளவு பெரிய தப்பு செய்தும் சித்தி என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.