பைன் மரத்தடி இடம்

யோகாம்பாளுக்குக் கோபம் வந்தால் இத்தாலியின் பலெர்மோ நகரமே ஒதுங்கி நிற்கும். மொண்டெல்லோவில் அவள் வேலை செய்கிற வீட்டு எசமானி சின்யோராவின் நாய்கூட, அவள் யாழ்ப்பாணத் தமிழில் ஒரு அதட்டல் போட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். ஒரேத்தோவில் அவள் குடியிருக்கும் கட்டடத்து மாடிப்படியில் சிகரெட் கட்டை போட்டவன் எவனும் இரண்டாம் தரம் போட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்க்கு வாய் நின்று பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான், தம்பி பெண்சாதி இராசேஸ்வரி. இருவருக்கும் துளியும் ஆகாது. கோயிலில் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கும்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் கோயில் சனம் குடும்பம் குடும்பமாகக் கடலோரக் காம்பிங் இடமொன்றுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கும். யோகாம்பாளின் புருசன் நகுலேஸ்வரனைப் பாரிசவாதம் ஒரு பக்கமாக விழுத்திய பிறகு, போன வருடம் அவர்கள் போகவில்லை. ஊரே காலியாகிக் கிடந்த அந்த வெக்கையில் மனுசன் சக்கர நாற்காலியில் இருந்தபடி, மற்றவர்கள் அனுப்பிய படங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் பின்னால் தெரிந்த கடலை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். யோகாம்பாள் போனைப் பறித்து வைத்தாள்.

"வாற வருசம் உங்களைக் கடலுக்கை இறக்காட்டி என்னை ஏனெண்டு கேளுங்கோ" என்றாள்.

சொல்வது லேசு. அந்த இடம் முழுக்க மணலும் கல்லும் மரவேரும். சக்கரம் உருளாது. ஒரேயொரு இடம்தான் தோது. பைன் மரத்தடியில், கழிப்பறைக்கும் கடற்கரைக்கும் சீமெந்துப் பாதை போட்ட இடம். அது கிடைத்தால் நகுலேஸ்வரன் போகலாம். கிடைக்காவிட்டால் இந்த வருடமும் வீட்டுச் சுவர்தான். முன்பதிவு ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு இணையத்தில் திறக்கும் என்று மகள் நிரோசினி விசாரித்துச் சொன்னாள்.

இடம் கிடைக்க முதலே யோகாம்பாள் கோயில் முழுக்கச் சொல்லி, மூட்டையும் கட்டிவிட்டாள். கழிவு விலையில் வாங்கிய கூடாரம், பிளாஸ்டிக் கதிரை, மிளகாய்த்தூள் போத்தல், இடியப்ப உரல், புருசனுக்கு உடுக்க நாலு சாரம், எல்லாம் நடுவீட்டில் குவிந்து கிடந்தன.

"நாலு நாளைக்கே போறம்? வீடு மாறுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் நகுலேஸ்வரன். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் கதைப்பார்.

"அங்கை வந்து இடியப்பம் எங்கை எண்டு கேக்கிறது ஆர்? பேசாமல் இருங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை நிரோசினி மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தாள். பத்தரைக்குக் கொஞ்சம் முதல் இராசேஸ்வரியின் அழைப்பு வந்தது.

"மச்சாள், இண்டைக்கு வெள்ளி. பத்தரை துவங்கிப் பன்னிரண்டு மட்டும் ராகுகாலம். அண்ணையும் வருத்தக்காரன். அவசரப்பட்டு ஒரு பட்டனையும் அமத்திப்போடாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

அதை இவள் சொல்லித்தான் யோகாம்பாளுக்குத் தெரியவேண்டுமா? கலண்டரில் நேற்றே பார்த்துவிட்டாள். ஆனாலும் மனம் சற்று இளகியது. பரவாயில்லை, இவளுக்கும் என் புருசன் மேல் அண்ணை என்று கொஞ்சம் பாசம் இருக்கிறது என்று நினைத்தாள்.

"அம்மா, திறந்திட்டுது. எடுக்கவா?" என்றாள் நிரோசினி.

"பன்னிரண்டு மட்டும் பொறு."

"பஸ்தா, போதும் அம்மா! ஊரிலை இப்ப பின்னேரம் ரெண்டு மணி. அங்கை ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது."

"ஊர்ச் சூரியனோ இஞ்சை எறிக்குது? வாயைப் பொத்து."

"வேறை ஆரும் எடுத்தா?"

"இத்தாலியர் ஒருத்தரும் கக்கூசுக்குப் பக்கத்திலை வராயினம். எங்கடை சனம் ராகுகாலத்திலை கை வையாது."

நகுலேஸ்வரன் நாற்காலியில் இருந்து முனகினார். "இப்பவே எடன்."

"உங்களுக்காகத்தானே நேரம் பாக்கிறன்!" என்று சீறினாள்.

பன்னிரண்டு அடித்ததும் சாமி விளக்கை ஏற்றிக் கற்பூரம் காட்டிவிட்டு, "இப்ப அமத்து" என்றாள். நிரோசினி அமத்தினாள். பைன் மரத்தடி இடம் போயிருந்தது. யார் எடுத்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவில் இராசேஸ்வரியே போட்டிருந்தாள்: 'இந்த முறை சீமெந்துப் பாதை இடம் எங்களுக்கு, கடவுள் கிருபை.' பதினொரு மணிக்கு முதலே போட்டிருந்தாள்.

யோகாம்பாள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினால்தான் அவளுக்குக் கதைத்த மாதிரி இருக்கும்.

"எடியே! என்னை ராகுகாலம் எண்டு இருத்திப்போட்டு நீ எடுத்தனியோ?"

"நான் ஊர்க் கலண்டர்தான் பாக்கிறனான் மச்சாள். ஊரிலை அப்ப ரெண்டு மணி தாண்டீற்றுது."

"அது அவருக்கெண்டு நான் பாத்து வைச்ச இடமெண்டு உனக்குத் தெரியுமெல்லே?"

"அவ்வளவு சனத்துக்கும் சமைக்கிறது நான். சோத்துக் கிடாரம் வைக்க எனக்குச் சமதரை வேணும். அண்ணை வந்து என்ன, கதிரையிலை இருந்து பாக்கிறதுதானே? அதை வீட்டிலை இருந்தும் பாக்கலாம்."

போன் அறுந்தது. நகுலேஸ்வரன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு யோகாம்பாள் ஆடிய ஆட்டத்தில் அண்டை வீடுகளின் ஜன்னல்கள் திறந்து மூடின. "நாசமாப் போவாள்! கட்டையிலை போவாள்! ஏலாத மனுசன்ரை வாயிலை மண் போட்டவள் உருப்படுவாளே?" இடியப்ப உரலை எடுத்து எறிந்தாள். அது கூடாரப் பைக்குள் போய் விழுந்தது. இவ்வளவு கேவலமாக ஏமாந்த ஆத்திரம் அவளுக்கு அடங்கவேயில்லை.

"காணும்" என்றார் நகுலேஸ்வரன். "அவளை ஏன் திட்டுறாய்?"

"வேறை ஆரைத் திட்ட?"

அவர் நெடுநேரம் வாயைக் கூட்டி எடுத்தார். "எனக்குக் கை விறைச்ச அண்டைக்கு... திங்கட்கிழமை விடிய. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டனான். ராகுகாலம், ஒன்பது மணி கழியட்டும் எண்டனி. அண்டைக்கு உனக்கு அவள் போன் எடுத்துச் சொல்லேல்லை."

அவருக்கு அது நினைவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் யோகாம்பாள் நம்பியிருந்தாள். நிரோசினி தாயின் முகத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது.

யோகாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் பஸ் பிடித்தாள்.

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இராசேஸ்வரியின் வீடு. கதவைத் திறந்தவள், சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கண்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"நீ செய்த வேலைக்கு உன்னைச் சாகுமட்டும் மன்னிக்கமாட்டன்" என்றாள் யோகாம்பாள். "அது வேறை கதை. இடத்தை அவருக்குக் குடு."

"அப்ப என்ரை கிடாரத்தை எங்கை வைக்கிறது?"

யோகாம்பாள் தன் வாழ்நாளில் இவளுக்கு முன்னால் செய்வேன் என்று நினைத்தேயிராத காரியமாக, இரண்டு கையையும் எடுத்துக் கூப்பினாள்.

"என்ரை தலையிலை வையடி. அவர் கடலுக்கை கால் வைக்கட்டும்."