நுரையக்காவும் நீராவிக் கப்பலும்

நுரையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. படிக்கட்டுக் கைப்பிடியைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவளுக்கு வேறென்ன பேர் பொருந்தும்? அவள் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்க ஊரார் மூத்திரக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்க்கிற வேலை. அங்கே ஒரு நாளும் அவள் மூக்கைச் சுளித்ததில்லை. கேட்டால் சொல்வாள்: "அதுல என்ன அருவருப்பு? ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டியிருக்கு, இன்னாரோடதுன்னு தெரியுது. யாரோடதுன்னு தெரியாத அழுக்குதான் எனக்குக் குமட்டும்." இதைக் கட்டடத்தில் எல்லோரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லியிருந்தாள்.

இவளுக்கு வாய்த்த புருஷன் குழாய்க்காரர். அடைத்த கழிவுக் குழாய்க்குள் முழங்கை வரை விட்ட கையால் காது குடைகிற மனுஷன். அவரை வாசலில் நிறுத்தி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவாள். அவரும் மழையில் நிற்கிற எருமை மாதிரி பேசாமல் நனைவார். நல்லவர்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஒரு சின்ன முகச்சுளிப்புக்குக்கூடப் பயந்து பொய் சொல்வார் என்பதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவருக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. முழ நீளக் கப்பல், இரண்டு விலாவிலும் துடுப்புச் சக்கரம். பொம்மைதான், ஆனால் சாவி முடுக்குகிற பொம்மையில்லை, பாட்டரியும் கிடையாது. நடுவில் செம்புக் குழாயை வெட்டி இரண்டு முனையையும் மூடிப் பற்றவைத்த கொதிகலன். அதன் அடியில் ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பினால், விரல் பருமனில் ஒரு பித்தளை உருளை தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். அது ஆட ஆட அச்சு சுற்றும், அச்சு சுற்றச் சக்கரம் தண்ணீரை அறையும். உருளை இறுகாமல் ஆட வேண்டுமென்றால் ஆவியோடு சொட்டுச் சொட்டாக எண்ணெயும் போக வேண்டும். போன எண்ணெய் சும்மா இருக்குமா? வேலை முடிந்த ஆவியோடு, புகையிலை போடுகிறவன் எச்சில் மாதிரி, புகைபோக்கி வழியாகத் துப்பிக்கொண்டே வரும்.

ஒரு நாள் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் பித்தளைத் துண்டுகள் கறை போகக் காடித் தண்ணீரில் ஊறிப் பச்சையாகக் கிடந்தன. பாத்திரம் நேரே குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் குளிக்கிற வாளியில் கப்பல் மிதந்தது. தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய்ப் படலம், விளிம்பில் கறுப்பு வளையம்.

"ஏங்க, இது நான் குளிக்கிற வாளி."

"கழுவினா போயிடும்மா."

"எது, எண்ணெயா? நானா?"

அவர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செத்த எலியைத் தூக்குவது போல் கப்பலைத் தூக்கி வாசலில் வைத்தாள். "இனிமே இந்தச் சனியன் இந்த வீட்டுத் தண்ணியைத் தொடக் கூடாது. வெளியில எங்க வேணா விட்டுக்குங்க. எனக்குத் தெரிய வேணாம்."

கப்பல் மொட்டை மாடியில் இருந்த குழாய்ச் சாமான் அறைக்குக் குடிபோனது. வீடு மறுபடி சோப்பு வாசம் வீசியது.

கொஞ்ச நாளில் கட்டடத்துத் தண்ணீர் கெட்டுப் போனது. டம்ளரில் பிடித்தால் மேலே ஒரு மினுமினுப்பு. குடித்தால் நாக்கில் வழவழப்பு. இரண்டாம் மாடி டீச்சர் பல் தேய்த்துவிட்டு வாயை இன்னொரு முறை எதில் கழுவுவது என்று தெரியாமல் நின்றாள். நுரையக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்டைக்குள் யாரோ விரலை விட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. வடிகட்டினாள், காய்ச்சினாள், மறுபடி வடிகட்டினாள், கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். யாருடைய அழுக்கு இது? அந்தக் கேள்விதான் அவளைத் தின்றது.

மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள். தண்ணீர்த் தொட்டி பூட்டியிருந்தது, அதன் சாவி குழாய்க்காரரிடம்தான் இருக்கும். தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்றுதான் அவருக்கு அந்த வீட்டையே கொடுத்திருந்தார்கள். தொட்டியின் இரும்பு மூடி மேல் இறகும் எச்சமும் அப்பிக் கிடந்தன. பக்கத்திலேயே புறாக் கூண்டுகள். மேல் மாடி ஒற்றை அறையில் தனியாக இருந்த புறாக்காரர் வளர்க்கிறவை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். அவருக்குப் புறாக்களை விட்டால் பேச நாதியில்லை.

"இதோ பாருங்க! மூடி சந்துல ஒழுகி உள்ள போகுது. எச்சத்தைக் கரைச்சு ஊருக்கே ஊத்துறாரு!" என்றாள் நுரையக்கா.

"அம்மா, என் புறா எச்சம் போடும். எண்ணெய் கக்குமா?"

"எதைத் தின்னுச்சோ, எதைக் கக்குச்சோ! நீங்க ஒரு எச்சக்காரர், உங்களுக்குத் துணைக்கு அதுங்க!"

கீழ்த்தளத்து வீட்டுக்காரம்மாவிடம் வழக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் புறாக்கள் போக வேண்டும், இல்லை அவர் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. புறாக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார், அதே துண்டால் மூக்கையும் சிந்தினார். நுரையக்காவுக்கு அதைப் பார்க்கவும் குமட்டியது.

"அதுங்களை யாருகிட்டம்மா குடுக்குறது? வாங்குறவன் வளர்க்கவா வாங்குவான்? அறுத்துத் தின்னுடுவான்," என்றார்.

குழாய்க்காரர் அப்போது பக்கத்தில்தான் நின்றார். தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நுரையக்கா, புருஷன் காலையில் கழற்றிப் போட்ட பனியனைத் துவைக்க எடுத்தாள். ஒரு வாடை வந்தது. கை நின்றது. பனியனை மூக்கருகே கொண்டுபோனாள். அடுப்படிக்கு எழுந்து போய் டம்ளர் தண்ணீரை மோந்தாள். திரும்பி வந்து மறுபடி பனியனை மோந்தாள். இரண்டும் ஒரே வாடை. கருகின எண்ணெய்.

கால் செருப்பைத் தேடவில்லை. அப்படியே மாடி ஏறினாள்.

தொட்டி மூடி திறந்திருந்தது. அந்த ஓட்டைக்கு வெளியே இரண்டு கால்கள் தெரிந்தன. இடுப்புக்கு மேலே மனுஷன் தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "வா ராசா... வா... திரும்பு... அப்படித்தான்!"

அவள் குனிந்து, அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். இருட்டுத் தண்ணீரில் ஒரு நீலச் சுடர் வட்டமடித்து வந்தது. டப டப டப என்று சக்கரம் தண்ணீரை அறைகிற சத்தம். சுவரெல்லாம் நீலம் நெளிந்தது. அழகாகத்தான் இருந்தது, அதனால் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. சுடருக்குப் பின்னால் எண்ணெய்ப் படலம் வால் மாதிரி விரிந்தது. மனுஷனின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை வேறு சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது.

"ஏங்க."

தலை தொட்டியில் இடித்துக்கொண்டு வெளியே வந்தது. "நீதானம்மா வெளியில எங்க வேணா விடச் சொன்ன."

"ஏரி இல்லையா, குளம் இல்லையா உங்களுக்கு?"

"குளத்துல காத்து. பாசி வேற சக்கரத்துல சுத்திக்குது. அது அழுக்குத் தண்ணிம்மா."

"ஓ! உங்க கப்பலுக்கு அழுக்குத் தண்ணி ஆகாதோ! எங்களுக்கு மட்டும் ஆகுமோ!"

அவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கத்தாத. இன்னிக்கோட நிறுத்திடுறேன், சத்தியமா. நாளைக்குப் புறா போயிடும். நானும் விட மாட்டேன். தண்ணி தானா தெளிஞ்சிடும். எல்லாரும் புறாவாலதான்னு நினைச்சுக்குவாங்க. வெளிய தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவாங்க. வீடும் போயிடும்."

அவள் கூண்டுகளைப் பார்த்தாள். ஒரு புறா கழுத்தைச் சாய்த்து அவளையே பார்த்தது. புருஷன் சொல்வதில் தப்பில்லை, நடக்கும். யாருக்கும் தெரியாது. வீடும் இருக்கும், ஊரைக் கூட்டிக் கத்தினவள் முகத்திலும் கரி விழாது. ஒரு மூச்சு நேரம் அவளும் அதைத்தான் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தலைப்பால் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"அந்த மனுஷன் கண்ணைத் துடைச்சப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க," என்றாள். "இத்தனை நாள் எண்ணெயைக் குடிச்சேன். அதுகூட இப்படிக் குமட்டலை."

கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். சூடு கையைச் சுட்டது. தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். நல்ல புடவையெல்லாம் கறுப்பு எண்ணெய். அதைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

கீழே முற்றத்தில் துணி அலசுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். வீட்டுக்காரம்மா, டீச்சர், மற்ற குடித்தனக்காரர்கள், புறாக்காரர் எல்லோரையும் அவளே கூப்பிட்டாள். பின்னால் வந்த புருஷனைப் பார்த்து, "கொளுத்துங்க," என்றாள்.

கப்பல் ஓடியது. என்ன சொல்ல, ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். டீச்சர் கைதட்டக்கூடச் செய்தாள். "இதுல விசில் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். குழாய்க்காரர் முகத்தில் ஒரு நொடி பெருமை எட்டிப் பார்த்தது. அப்போது புகைபோக்கி துப்பியது. மயில் கழுத்துப் படலம் தொட்டி முழுக்கப் பரவியது. கைதட்டல் பாதியில் நின்றது.

"அழுக்குக்கு ஆள் தெரிஞ்சிடுச்சு," என்றாள் நுரையக்கா. "புறா இல்லை. எங்க வீடு."

"இதைத்தான் நாங்க குடிச்சோமா?" என்று டீச்சர் ஓடிப்போய் மூலையில் துப்பினாள்.

புறாக்காரர் மெதுவாக முன்னால் வந்தார். "என்னை எச்சக்காரன்னு சொன்னே."

"சொன்னேன். மூடி மேல கிடக்குற எச்சம் உங்களோடதுதான். அதை நீங்கதான் தினம் துடைக்கணும், அதுல மாத்தமில்லை. எண்ணெய் எங்களோடது. புறா எங்கயும் போக வேணாம். போகணும்னா நாங்க போறோம்."

வீட்டுக்காரம்மா மிதந்த படலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழாய்க்காரரிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். புறாக்காரர் கையில் கொடுத்தாள். "மாடித் தொட்டி பளபளன்னு இருந்தா வீட்டைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்," என்றாள்.

ஞாயிறு முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார்கள். அவர் ஒரு முறை தேய்த்த இடத்தை அவள் இரண்டு முறை தேய்த்தாள். உள்ளேயிருந்து பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது. கறுத்த சோப்புத் தண்ணீர் வடிந்து முடிய, புதுத் தண்ணீர் ஏறி நிரம்ப, சாயங்காலமானது. புறாக்காரர் மேலேயே உட்கார்ந்து, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். அவரே ஒரு டம்ளரில் பிடித்து வந்து அவளிடம் நீட்டினார்.

"முதல் தண்ணி நீ குடிம்மா."

அவள் வாங்கி மோந்தாள். வாடை இல்லை. சாய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மினுமினுப்பு இல்லை. அப்படியும் வாயில் வைக்கவில்லை.

"என்ன பார்க்குறே? யாரோடதுன்னு தெரிஞ்ச தண்ணிதானே," என்றார் புறாக்காரர்.

அவள் அவரை ஒரு முறை முறைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று குடித்து முடித்தாள்.

"எனக்கும் கொஞ்சம் குடும்மா," என்று குழாய்க்காரர் ஈரக் கையை நீட்டினார்.

நுரையக்கா டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "முதல்ல கையைக் கழுவுங்க."