இரண்டு கட்ட கம்ப்ரசரும் ஒற்றைக் கதவும்

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் இரும்புலியூரில் ஒரு செய்தி பலமாக அடிபட்டது. ஜெபசீலன் சார் வீட்டுக் கொட்டகையில் ஒரு மிஷின் இருக்கிறதாம். தெருக் கிணறுகளையெல்லாம் அது பூமிக்கடியிலேயே உறிஞ்சிக் குடித்துவிடுகிறதாம். செய்தியின் ஊற்றுக்கண் அதே தெருத் தாயாரம்மாள். சரி, விசாரித்துவிடுவோம் என்று கிளம்பினால், அந்த அம்மாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்த இடமே ஜெபசீலன் வீட்டுக் குழாயடி. சொல்லும்போது இடுப்பில் இருந்ததும் அதே மிஷின் ஏற்றிக் கொடுத்த தண்ணீர், குடம் தளும்பத் தளும்ப.

ஆக, செய்தி பாதி நிஜம். மிஷின் இருந்தது. தண்ணீரும் எடுத்தது. ஆனால் அது தண்ணீருக்காக வாங்கியது அல்ல. ஜெபசீலனின் வாழ்க்கைச் சரித்திரமே அந்த ‘அல்ல’வில்தான் அடங்கியிருக்கிறது.

ரயில்வே கணக்கு ஆபீசில் அவருக்கு உத்தியோகம். அங்கே அவர் லீவு போட்டால்கூட யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் வேறு ஆள். ஸ்டூல், டிரங்குப் பெட்டி, ஸ்கூட்டர் என்று அகப்பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார். எதற்கு அடித்தாலும் பிரஷ் கோடு விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த ஞானையா, ஜெபசீலனின் ஸ்கூட்டரைத் தடவிப் பார்த்தார்.

“என்ன பிரதர், ஷேவ் பண்ணாத கன்னம் மாதிரி இருக்கு?”

ஞானையா அதே சர்ச்சுக்காரர், ரிட்டையரான டிராயிங் மாஸ்டர். அவரிடம் சின்னதாக ஒரு சிங்கிள் ஸ்டேஜ் கம்ப்ரசரும் ஒரு ஸ்ப்ரே கன்னும் இருந்தன. அவர் ஸ்கூட்டரைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அன்றையிலிருந்து ஜெபசீலனுக்கு ஒரே ஆசை: ஆயுசில் ஒரு பொருளையாவது கோடு விழாமல் அடித்து, அதை ஞானையா தடவிப் பார்க்க வேண்டும்.

ஒரு வருஷம் கேட்டலாக் படித்தார். பைபிளுக்கு அடியில் கேட்டலாக் இருப்பதை மனைவி ஜெயசீலி கண்டும் காணாமல் விட்டாள். கடைசியில் பிராட்வே பக்கம் ஒரு மிஷினரி கடைக்குப் போனார்.

“ஸ்ப்ரே கன்னுக்குத்தானே சார்? சிங்கிள் ஸ்டேஜ் தாராளம்” என்றார் கடைக்காரர்.

“எங்க சர்ச்ல ஒருத்தர் சிங்கிள் ஸ்டேஜ் வச்சிருக்கார்.”

“நல்லா வேலை செய்யுதா?”

“ரொம்ப நல்லா செய்யுது. அதனாலதான் டூ ஸ்டேஜ் கேக்கறேன்.”

தன் சரக்கை வாங்காதே என்று எவ்வளவு நேரம்தான் ஒரு கடைக்காரர் வாதாட முடியும்? மீன்பாடி வண்டியில் கனமான மிஷின் வந்து இறங்கியது.

“ரெண்டு ஸ்டேஜுன்னா என்னங்க?” என்றாள் ஜெயசீலி.

“முதல் சிலிண்டர் காத்தை அமுக்கும். சூடு ஆறினதும் ரெண்டாவது சிலிண்டர் அதையே இன்னொரு தடவை அமுக்கும்.”

“உங்க வீட்டுக்கு வந்த புதுசுல என் கதை மாதிரியா?”

ஜெபசீலன் மிஷின் பெல்ட்டைச் சரிபார்ப்பதில் மும்முரமானார்.

மிஷினை இறக்கிக் கொட்டகைக்குள் தள்ள ஆள் கொடுத்தவர் எதிர்வீட்டுத் துளசிங்கம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். ஜெபசீலன் குடியிருப்பதும் அவர் விற்ற மனையில்தான். வீட்டுக்குப் புதிதாக இரட்டைக் கதவு இரும்பு கேட் போட்டு, துருப் பிடிக்காமலிருக்கச் செங்காவி ரெட் ஆக்சைடு மட்டும் பூசி வைத்திருந்தார்.

“கூலியெல்லாம் இன்னாத்துக்கு சார்? நம்ம கேட்டுலயே போணி பண்ணிடுங்க” என்றார்.

சனிக்கிழமை இடது கதவுக்குப் பச்சை அடித்தார் ஜெபசீலன். கண்ணாடி! ஒரு கோடு கிடையாது. தெருவே நின்று பார்த்தது. ஞானையாவைக் கூப்பிடக் கால் பரபரத்தது. வலது கதவும் முடியட்டும், சேர்த்தே காட்டுவோம் என்று அடக்கிக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டுக் கிணறு வற்றியது. திங்கட்கிழமை ஜெயசீலி போர் போடும் குப்புராஜைக் கூட்டி வந்தாள். இருநூறு அடியைத் தாண்டித்தான் ஈரமே தென்பட்டது.

“இந்த ஆயத்துக்கு சாதா மோட்டாரு இஸ்க்காது. பைப்புல காத்தை உள்ள வுட்டு, அந்த வேகத்துல தண்ணிய மேல தள்ளணும். அதுக்கு கம்ப்ரசர் வோணும்” என்ற குப்புராஜ், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். “அட, இங்கயே கீதே! அதுவும் டபுள் ஸ்டேஜ்!”

“அது பெயிண்ட் அடிக்கற மிஷின்” என்றார் ஜெபசீலன், குழந்தையைப் பிடுங்க வந்தவரிடம் சொல்வதுபோல.

“இதே சிங்கிளா இருந்தா, இம்மாம் ஆயத்துக்குத் தாங்காதுன்னு நானே வேணாம்னுருப்பேன் சார். நல்லா பாத்து வாங்கிகீறீங்க!”

ஒரு வருஷம் படித்துப் பொறுக்கிய மிஷினுக்கு முதல்முதலாகக் கிடைத்த பாராட்டு அது. ஜெயசீலி ஸ்ப்ரே கன்னைக் கழற்றி, துடைத்து, பரணில் வைத்தாள்.

அப்புறம் மிஷின் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது. அது உறுமிக் கிளம்பினால் டியூப்லைட்டுகள் கண் சிமிட்டும், குடங்கள் வரிசைகட்டும். “இன்னா சார், தண்ணில எண்ணெ நாத்தம் அடிக்குது? மிஷின ஒயுங்கா வச்சிக்க மாட்டியா?” என்று தாயாரம்மாள் சத்தம் போடுவாள், ஏதோ வரி கட்டியவள் மாதிரி.

“சார், ஒரு கதவு பாக்கி கீது” என்பார் துளசிங்கம்.

“மழை வரட்டும், மிஷின் ஃப்ரீ ஆயிடும்” என்பார் ஜெபசீலன். மழை வந்தது, மிஷின் ஃப்ரீ ஆனது. ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் போகும் என்று கேட்டலாக்கிலேயே போட்டிருந்தது. வெயில் வந்தது, கிணறு வற்றியது. அடுத்த வருஷமும் இப்படியே. அதற்கடுத்த வருஷமும்.

ஒருநாள் ஞானையாவே அந்தத் தெருப் பக்கம் வந்துவிட்டார். பாதி பச்சையும் பாதி ரெட் ஆக்சைடுமாக நின்ற கேட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, இடது கதவைத் தடவினார். ஜெபசீலன் எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தார்.

“அருமை பிரதர். மத்தது?”

“மிஷின் தண்ணி வேலைக்குப் போயிட்டுது.”

“அதுக்கென்ன, என்னோடதை எடுத்துட்டு வாங்க. சிங்கிள் ஸ்டேஜ்தான். ஒரு கதவுக்குப் போதும், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

போதும் என்பது ஜெபசீலனுக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

“வேண்டாம் பிரதர்” என்றார். “அதுல பிரஷர் பத்தாது.”

தொண்ணூற்றிரண்டு முடியும்போதும் வலது கதவு ரெட் ஆக்சைடாகவே நின்றது. வேறு ஆளை வைத்து அடிக்கத் துளசிங்கத்துக்கு மனம் வரவில்லை. இதற்குள் இடது கதவின் பச்சை வெயிலில் வெளிறி, பாசி நிறத்துக்கு வந்திருந்தது. இனி வலதை மட்டும் அடித்தால் இரண்டும் சேராது; இடதையும் திரும்ப அடிக்க வேண்டும்.

துளசிங்கம் வெளிறிய பக்கத்தை விரலால் சுரண்டிக் காட்டினார்.

“பாத்தியா சார், பாக்கிக்கு வட்டியும் ஏறிக்கிச்சி.”