பெரிய மோட்டார் கொன்ற மீன்கள்

ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டியில், புதிதாக வாங்கி விட்ட மீனிடமிருந்து வெள்ளைப்புள்ளி நோய் பரவியது. நீரில் மிதக்கும் ஒட்டுண்ணிகளைக் கொல்வதற்காக, புற ஊதா விளக்குப் பொருத்திய குழாய் ஒன்றைத் தஞ்சாவூரில் வாங்கினேன். தொட்டி நீரை அதன் வழியே ஓட்ட ஒரு மோட்டாரும் வேண்டும்.

நான் நெல் விவசாயி. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் கடைமடைக்கு எட்டும் என்று பழகியவன். “பெரிய மோட்டாரா போடலாமா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“தாராளமா போடுங்கண்ணே. நாலே நாள்ல புள்ளி போயிடும்.”

ஒரு வாரத்தில் தொட்டியில் இருந்த கோமாளி மீன்கள் ஐந்தும் செத்தன. போய்க் கேட்டபோது கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டிய தாள். தண்ணீர் விளக்கை மெதுவாகக் கடந்தால்தான் ஒட்டுண்ணி சாகும், மீனின் உடம்பில் ஏறிவிட்டதை விளக்கு ஒன்றும் செய்யாது என்று அதில் தெளிவாக இருந்தது.

“இதை ஏன் அன்னிக்கே தரல?”

“இதெல்லாம் யாருண்ணே படிக்கிறாங்க?”

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பூச்சிமருந்து டப்பாவில் உள்ளதைப் படிக்காமல் வயலில் இறங்காத நான், இங்கே அவர் வாயை நம்பினேன்.

இப்போது சின்ன மோட்டார்தான் ஓடுகிறது. புது மீனை ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விடுகிறேன். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் தாளைக் கேட்டு வாங்கி, கல்லா எதிரிலேயே நின்று கடைசி வரிவரை படிக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.